பெருமாளுக்கு மாமியார் முறை

மாசி மகத்தன்று பட்டினச்சேரிக் கடற்கரைக்கு மாப்பிள்ளை வருகிறார். திருக்கண்ணபுரத்திலிருந்து புறப்பட்டு, திருமலைராயன்பட்டினம் வழியாக, கடலில் தீர்த்தவாரி காண வரும் சௌரிராஜப் பெருமாளைத்தான் இந்த மீனவ ஊர் அப்படிச் சொல்கிறது. மீனவர் தலைவன் மகள் பத்மினியைப் பெருமாள் மணந்துகொண்டார் என்பது தலக் கதை. திருக்கண்ணபுரத்தில் பத்மினித் தாயாருக்கு இன்றும் இடம் உண்டு. பெண் கொடுத்த வீடு சும்மா இருக்குமா? பட்டு சாத்தி வரவேற்கிறது, பல்லக்கைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிறது. மற்ற ஊர்களில் சாமியைக் கும்பிடுவார்கள். இங்கே கும்பிடுவதோடு உறவும் கொண்டாடுகிறார்கள்.

அந்த உறவை இன்னும் ஒரு படி நீட்டிப் பாருங்கள். பட்டினச்சேரியில் மீன் கூடை சுமக்கும் அறுபது வயது அம்மாவுக்குப் பெருமாள் மருமகன் முறை. அவள் பெருமாளுக்கே மாமியார்.

பெண்ணின் அழகையும் துணிவையும் வெற்றியையும் பேசும் அட்டைப்படக் கட்டுரைக்கு வழக்கமாக நாம் தேடிப் போகும் முகங்கள் வேறு. நடிகை, பாடகி, கம்பெனித் தலைவி. நாற்பதைத் தாண்டியவர் என்றால் ‘வயதே தெரியவில்லை’ என்று ஒரு பாராட்டு. அந்தப் பாராட்டில்தான் எனக்கு மனத்தாங்கல். வயது தெரிந்தால் என்ன குறைந்துவிட்டது? வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிற பெண்கள் இந்தக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றிப் பேசுவோம்.

பட்டினச்சேரி இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக் கடல். காரைக்கால், 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்த மண். திருமலைராயன்பட்டினம் என்றதும் படித்தவர்களுக்குக் காளமேகப் புலவர் நினைவு வரும். அரசவையில் அதிமதுரக் கவியோடு அவர் மோதிய ஊர் இது. ஆண் புலவர் இருவரின் வாய்ச்சண்டைக்கு இத்தனை நூற்றாண்டுப் புகழ். ஊருக்குக் கிழக்கே மணலில் உட்கார்ந்து விலை பேசிய பெண்களின் வாய்த்திறமையை எழுதி வைக்க ஆளில்லை.

அந்தத் திறமையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

விடிகாலையில் ஃபைபர் படகு கரையேறும்போது வலையில் என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்தே கணிக்கும் கண் ஒரு நாளில் வருவதில்லை. ஏலத்தில் குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எடை தெரிய வேண்டும். எடை தெரிந்தால் போதாது, இன்றைக்கு எந்தத் தெருவில் என்ன விலை போகும் என்பதும் தெரிய வேண்டும். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று யார் வீட்டில் எந்த நாள் மீன் வாங்க மாட்டார்கள் என்ற கணக்கும் தலைக்குள் இருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள். சிவப்பு மங்கியிருந்தால் கூடையில் ஏறாது. கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். வயிற்றை விரலால் ஓர் அழுத்து. பள்ளம் நிமிர்ந்தால் மீன், நிமிராவிட்டால் கருவாட்டுக்கு. இதெல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அன்னக்கூடையை ஏற்றிவிட யாராவது ஒரு கை கொடுத்தால் கிளம்பிவிடுவாள்.

தெருவுக்கு வந்தபின் வேறு வேலை. அரிவாள்மனையின் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, செதில் சுரண்டி, செவுளைக் கிள்ளி எறிந்து, குடலை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, சீலா மீனைத் துண்டு போடும்போது அந்தக் கைகளைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். நரம்பு புடைத்து, உப்புத் தண்ணீரில் ஊறி, ஐஸில் விறைத்து, நகத்தோரம் வெட்டுக் காயம் ஆறிய தழும்புகள் நிறைந்த கைகள். இன்னொரு பக்கம் வாய் வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு ஒரு மீன் கூடப் போட்டால் நாளைக்கும் வருவார், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா எப்போது கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அவளிடம் மனப்பாடம். நோட்டுப் புத்தகம் கிடையாது.

இளம்பெண்ணுக்கு இந்தத் தொழில் எளிதில் கைவராது. ஐம்பதைக் கடந்தபின்தான் ஒருத்தி தன் தெருக்களுக்கு அதிகாரி ஆகிறாள். அதுவரை வாடிக்கையாளர் பேரம் பேசுவார்கள். அதற்குமேல் ‘ஆயா சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று வாங்கிக்கொண்டு போவார்கள். வயதைக் காசாக மாற்றத் தெரிந்தவர்கள் என்று இவர்களைச் சொல்வேன். சினிமாவும் விளம்பரமும் நாற்பதில் பெண்ணை ஓரங்கட்டுகின்றன. மீன் சந்தையில் நாற்பது என்றால் இன்னும் கற்றுக்கொள்கிற வயது.

இதில் மறைக்கக் கூடாத ஒரு துயரமும் இருக்கிறது. கடற்கரைகளில் கூடை தூக்கும் வயதான பெண்களில் கணவனை இழந்தவர்கள் பலர். கடல் கொண்டுபோயிருக்கும், அல்லது சாராயம். பூ கூடாது, பொட்டு கூடாது, கடலுக்குக் கிளம்புகிறவன் எதிரில் வரக் கூடாது என்று பழைய வழக்கம் அவளை வீட்டுக்குள் தள்ளப் பார்த்தது. அவளோ கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சகுனத் தடை சொன்ன அதே கரையில், அதே ஆண்கள் கொண்டுவந்த மீனை ஏலம் எடுத்தாள். பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். பூவும் பொட்டும் அழகின் அடையாளம் என்று சொன்ன ஊரே அவற்றைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் அவள் நிமிர்ந்துதான் நடந்தாள். தலையில் பாரம் வைத்தவளால் குனிந்து நடக்கவும் முடியாது.

அழகைத் திருப்பிக் கொடுத்தவள்

காரைக்காலில் நின்றுகொண்டு பெண்ணின் அழகைப் பற்றிப் பேசுகிறவர் ஒருவரைத் தாண்டிப் போக முடியாது. காரைக்கால் அம்மையார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வணிகர் குலத்துப் புனிதவதி, கணவன் பரமதத்தன், அவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகள். ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டு, கணவன் இன்னொன்று கேட்டபோது இறையருளால் கனி பெற்றாள். அதைக் கண்டு மிரண்ட பரமதத்தன் கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை. பாண்டிய நாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர் இவளை அழைத்துக்கொண்டு போய் நிறுத்தியபோது, மனைவியோடும் மகளோடும் காலில் விழுந்தான். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இதை விரிவாகப் பாடியிருக்கிறார்.

அந்த இடத்தில் புனிதவதி செய்த காரியம்தான் என்னை ஒவ்வொரு முறையும் அசைக்கிறது. அழவில்லை, வழக்கு உரைக்கவில்லை. கணவனுக்காகச் சுமந்த உடல் இது, இனி எனக்கு எதற்கு என்று சதையை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்டவர்கள் பயந்து விலகினார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. கால் படக் கூடாதென்று தலையால் நடந்து கயிலை ஏறினாள். தாயும் தந்தையும் இல்லாத சிவன் அவளை அம்மையே என்று அழைத்தான். மனைவியாக ஏற்க ஆளில்லாதவள் கடவுளுக்குத் தாயானாள்.

இதை வெறும் துறவுக் கதையாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். அவள் ஒரு எழுத்தாளர். அற்புதத் திருவந்தாதி 101 பாடல்கள், திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் சேர்ந்து 22. பதிகம் என்ற வடிவத்தைச் சைவத்துக்குத் தந்தவள். சம்பந்தரும் அப்பரும் வந்தது அவளுக்குப் பின்னால். பதிகத்தின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று அவளே பெயர் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறாள். எலும்பும் தோலுமான உடம்பை மறைக்காமல், அதையே தன் விலாசமாக ஆக்கிக்கொண்ட துணிவு அது.

பின்னால் வந்த சிற்பிகள் அந்தத் துணிவைப் புரிந்துகொண்டார்கள். தொங்கிய மார்பு, தெரியும் விலா எலும்பு, கையில் தாளம், முகத்தில் பெருஞ்சிரிப்பு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடல்வல்லானின் காலடியில் இருக்கிறாள். கடல் கடந்து கம்போடியாவில், 967-ல் எழுந்த பந்தியாய் ஸ்ரேய் கோயிலின் சிற்பத்திலும் நடராசர் அருகே வற்றிய உடம்போடு அமர்ந்திருப்பவள் அவள்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். சிற்பத்தில் இளமையே அழகென்று செதுக்கிய காலத்தில், ஒரு முதிய பெண்ணுடம்பைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் நம் ஆட்கள்.

ஆனித் திங்கள் முழுநிலவில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். குழந்தை வரம் கேட்பவர்கள் முந்தானை விரித்துப் பிடிக்கிறார்கள். பிள்ளை பெறாத ஒருத்தியிடம் ஊரே பிள்ளை வரம் கேட்கிறது. அந்தக் கூட்டத்தில் மேட்டுத் தெருக்காரரும் இருப்பார், மீனவக் குப்பத்துப் பாட்டியும் இருப்பார்.

அலைக்குப் பிறகு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பட்டினச்சேரி உட்பட காரைக்காலின் மீனவ ஊர்கள் அத்தனையும் சுனாமியில் அடிபட்டன. இந்தக் கடற்கரையில் பெண்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பு, பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் 2,406 பெண்களும் 1,883 ஆண்களும் மாண்டதாகக் கணக்குச் சொன்னது. ஏன் அப்படி? படகுகள் சில கடலுக்குள் இருந்தன, ஆழ்கடலில் அலை உயரவில்லை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், அல்லது குடிசையில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீச்சல் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. புடவை காலைச் சுற்றியது. நீண்ட கூந்தல் முள்ளிலும் மரத்திலும் சிக்கியது. புடவையும் கூந்தலும் பெண்ணின் அழகு என்று நூற்றாண்டுகளாகப் பாடிய மொழியில் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மிச்சமிருந்தவர்கள் எழுந்தார்கள். நிவாரணப் பொருள் பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகத்தான் வந்தது. அந்தப் பஞ்சாயத்தில் ஆண்கள் மட்டும்தான். வரி கட்டும் ஆண் இல்லாத வீடு கணக்கில் வரவில்லை என்ற புகார் கடற்கரை நெடுகிலும் எழுந்தது. படகு இழந்தவனுக்குப் படகு கிடைத்தது. கூடையும் தராசும் முதலும் இழந்தவளுக்கு என்ன? இந்தக் கேள்வியை வயதான மீன்காரப் பெண்கள்தான் கேட்டார்கள். நாகையில் 1984-லிருந்து மீனவப் பெண்களோடு வேலை செய்து வரும் சிநேகா அமைப்பு காரைக்காலிலும் அந்தக் குரலோடு நின்றது. புது வீட்டின் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் என்று தமிழ்நாடு அரசு 2005-ல் ஆணையிட்டது. வீடு என் பேரிலும் இருக்கு என்று சொல்லும் பெண்ணின் நடையே வேறு.

இதே காவிரி டெல்டாவில் வயதைக் கணக்கில் எடுக்காத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் குற்றம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926-ல் பிறந்தவர். 1968-ல் கீழ்வெண்மணிப் படுகொலை நடந்தபின் கணவரோடு இந்தப் பக்கம் வந்து தங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுக்க 1981-ல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார். 1990-களில் இறால் பண்ணைகள் கடலோர வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது இருவரும் தெருவில் இறங்கினார்கள். கணவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதை வாங்கியபோது கிருஷ்ணம்மாளுக்கு வயது 82. பத்ம பூஷண் 2020-ல். கதர்ப் புடவை, வெள்ளைத் தலை, வெறுங்கழுத்து. அந்த உருவம் வயலில் நின்றால் கலெக்டர் எழுந்து வருவார்.

தெற்கே பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் சரியாகப் பார்க்காதவர். குழந்தைப் பருவத்திலிருந்து மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்தவர். எந்த நாளில் எடுக்கலாம், எப்போது பாசியை வளர விட வேண்டும் என்று பெண்களைச் சேர்த்து ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு அந்த மரியாதை.

கூடைக்கு இடமில்லை

2021 டிசம்பர். கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பேருந்து நிலையம். மீன் விற்றுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு வயதான அம்மாவை, மீன் நாற்றம் அடிக்கிறது என்று நடத்துநர் இறக்கிவிட்டார். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு நடந்து போகவில்லை. நேரக் காப்பாளர் அறைக்கு முன்னால் நின்று, இது என்ன நியாயம் என்று உரத்துக் கேட்டார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தன்னம்பிக்கைக்குப் பாடம் எடுப்பவர்கள் அந்த அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

குழம்பு கொதிக்கும்போது வாசனை, கூடை ஏறும்போது நாற்றம் என்ற இரட்டை நியாயம் குளச்சலோடு முடியவில்லை. மீன்காரப் பெண்கள் பேசும்போது நான் கேட்ட குறைகள் எல்லாக் கடற்கரையிலும் ஒன்றேதான். சந்தையில் கூரை இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து விற்கிறவர்களுக்குக் கழிப்பறை இல்லை, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டும் தண்டல் லாபத்தைத் தின்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு நின்றுவிட்டால், சிறு படகு மீனை நம்ப வேண்டும், அல்லது கேரளத்திலிருந்து ஐஸில் வரும் மீனை வாங்க வேண்டும், அல்லது முன்னமே போட்டு வைத்த கருவாடு.

உலக அளவிலும் கதை இதுதான். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் 2024 அறிக்கைப்படி, மீன்பிடிப்பு, மீன் வளர்ப்பு வேலைகளில் பெண்கள் 24 விழுக்காடு. பதப்படுத்தும் வேலையில் 62 விழுக்காடு. மீனவர் என்றதும் நம் மனக்கண்ணில் வலையோடு ஓர் ஆண் மட்டும் தோன்றுவது நம் பார்வையின் கோளாறு.

அதிகாரம் என்று வந்தால் கோளாறு இன்னும் பெரிது. சோழமண்டலக் கடற்கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வலுவான அமைப்பு. கடலில் தகராறு வந்தாலும், வீட்டில் சண்டை வந்தாலும் தீர்ப்பு அங்கேதான். அதில் பெண்ணுக்கு நாற்காலி இல்லை. சரி, அரசு அமைத்த உள்ளாட்சியிலாவது உண்டா? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டு இடைவெளி விட்டு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் ஒதுக்கிய நாற்காலிகள் எல்லாம் அதோடு போயின. 2021 சட்டமன்றத் தேர்தலில் 30 தொகுதிகளில் வென்ற ஒரே பெண், காரைக்காலின் நெடுங்காடு தொகுதியின் சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரிக்கு வாய்த்த பெண் அமைச்சர். 2023 அக்டோபரில் சாதியையும் பாலினத்தையும் காட்டி ஒதுக்கப்பட்டதாகக் கடிதம் எழுதி விலகினார். படித்த, வென்ற, அமைச்சரான பெண்ணுக்கே அந்த நிலை.

பெண்ணைக் கொண்டாடுகிறோம் என்று மார்ச் 8-ல் மேடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போர்த்துவதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சால்வை ஒரு மீன்காரம்மாவின் தோளில் விழுந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அவளுக்கு வேண்டியது சந்தையில் நிழல், கழிப்பறை, கூடையோடு ஏறப் பேருந்து, குறைந்த வட்டியில் முதல், ஊர் கூடும் இடத்தில் நாற்காலி. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் தருகிறது. புதிதாகச் சட்டம் எழுதத் தேவையில்லை. இருப்பதை நடத்திக் காட்டினால் போதும்.

புதுச்சேரி அரசு உள்ளாட்சித் தேர்தலை இனியும் தள்ளிப்போடக் கூடாது. பட்டினச்சேரியும் மற்ற மீனவ ஊர்களும் தங்கள் பஞ்சாயத்தில் மூத்த பெண்களை உட்கார வைக்க வேண்டும். வாசகரிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை நீங்கள் போகும் பஸ்ஸில் கூடையோடு ஒரு வயதான அம்மா ஏறினால், முகம் சுளிக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ‘வாங்கம்மா, உட்காருங்க’ என்று சொல்லுங்கள்.